துக்க வாரத்து ஒலிபரப்பு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அலைவரிசைத் துறையிலிருந்து வந்த விசாரணை அதிகாரி. அவர் பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தர் பெண். எங்கள் அலைவரிசையைத் தனக்குக் கேட்டு விண்ணப்பித்திருந்த ஜவுளிக்காரர். அவருடைய வக்கீல். எங்கள் பக்கத்தில் என் தம்பி மகன், அவனுடைய அம்மா, நான். அவ்வளவுதான். எங்களுக்கு வக்கீல் கிடையாது. தாங்களும் அன்று அங்கே இருந்ததாக இப்போது ஊரில் பலர் சொல்லிக்கொள்கிறார்கள். அத்தனை பேரும் வந்திருந்தால் அந்த நூலகத்து மாடி தாங்கியிருக்காது.

விசாரணை நகர நூலகத்தின் மாடியில் நடந்தது. துறைக்கு எங்கள் ஊரில் அலுவலகம் இல்லாததால் நாளிதழ் படிக்கும் அறையை ஒருநாளைக்கு வாங்கியிருந்தார்கள். நீளமான மேசை, இரும்பு நாற்காலிகள், சுவரில் 'சத்தம் போடாதீர்கள்' என்ற பலகை. அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஊற்றிக் குடித்தார். மேசைமேல் ஒரு மைக் வைத்திருந்தார்கள். அது வேலை செய்யவில்லை.

"ரேடியோ விசாரணைக்கு வந்த இடத்துல மைக் ஓடலை. நல்ல சகுனம்" என்றார் ஜவுளிக்காரர். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவர் பேச்சுக்குச் சிரிப்பதில்லை என்று எனக்கு ஒரு கொள்கை அப்போது இருந்தது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். எங்கள் வானொலி ஆரம்பித்துப் பல வருடம் கழித்து அவரும் ஒன்று ஆரம்பித்தார். எங்களுடையதில் செய்தி உண்டு, பேருந்து நேரம் உண்டு, ரத்தம் தேவைப்படுவோர் அறிவிப்பு உண்டு, இடையிடையே பாட்டும் விளம்பரமும். அவருடையதில் பாட்டும் விளம்பரமும், இடையிடையே பாட்டும் விளம்பரமும். அவருக்குக் கிடைத்த அலைவரிசை சரியில்லை. மழை பெய்தால் கரகரக்கும், பாலத்தைத் தாண்டினால் காணாமல் போகும். எங்களுடையது பளிச்சென்று மூன்று ஊருக்குக் கேட்கும். அதன்மேல் அவருக்குக் கண் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

வானொலியை ஆரம்பித்தது என் தம்பி. பெற்றோர் போன பிறகு அவனை வளர்த்தவள் நான். அரசுக் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு தாளில் சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியும். அலைவரிசை என்பது நிலம் வீடு போல யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை. காற்று எல்லோருக்கும் பொது. அரசாங்கம் அதைக் குத்தகைக்கு விடுகிறது, உரிமம் என்ற பெயரில். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். தம்பி இருந்தவரை அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

பிறகு புதிய கொள்கை வந்தது. பெரிய நிறுவனங்கள் ஊர் ஊராக அலைவரிசைகளை வாங்கிப் போட்டுவிட்டு, ஒலிபரப்பும் செய்யாமல், செய்ய நினைப்பவருக்கும் விடாமல், வைக்கோற்போர் நாய் போலப் படுத்திருந்தன. அதை ஒழிக்கத்தான் அந்தக் கொள்கை. உழுகிறவனுக்கு வயல், உழாதவனிடமிருந்து பிடுங்கி ஊருக்கு என்பது அதன் சாரம். தொடர்ந்து ஒரு வாரம் ஒலிபரப்பு இல்லாவிட்டால் அலைவரிசை அரசாங்கத்துக்குத் திரும்பிவிடும். விண்ணப்பித்தவர்களில் அடுத்தவருக்குப் போகும். படித்தபோது நல்ல கொள்கை என்றுதான் தம்பியிடம் சொன்னேன். அவனும் தலையாட்டினான்.

அந்த வருடமே அவன் போய்விட்டான். காலையில் செய்தி வாசித்துவிட்டு எழுந்தவன், ஸ்டூடியோ வாசலிலேயே சாய்ந்துவிட்டான்.

ஸ்டூடியோ எங்கள் வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. சாமான் அறையாக இருந்ததைச் சுவரெல்லாம் பழைய கம்பளி ஒட்டித் தம்பி தன் கையால் மாற்றியது. உள்ளே ஒரு மேசை, மைக், அவன் நாற்காலி, சுவர்க் கடிகாரம். மைக் திறந்திருக்கும்போது வெளியே சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. எங்கள் ஸ்டூடியோவின் விளக்கு எரிந்து போய் எத்தனையோ காலம். அதற்குப் பதிலாகத் தம்பி கதவுக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவான். துண்டு தொங்கினால் வீட்டில் யாரும் பாத்திரத்தைக்கூட உருட்ட மாட்டோம். துண்டு இல்லாவிட்டால் தாராளமாகப் பேசலாம்.

தம்பியைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நான் ஓர் உத்தரவு போட்டேன். தம்பி மகனைக் கூப்பிட்டேன். மகன் என்றால் சின்னவன் இல்லை, டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான், அவனுக்கே பள்ளிக்கூடம் போகும் பெண் இருக்கிறாள்.

"வந்து போறவங்க எல்லாம் முடியற வரைக்கும் இந்த வீட்டுலேர்ந்து ஒரு பாட்டு வெளியே போகக்கூடாது. ஒரு பேச்சும் போகக்கூடாது" என்றேன்.

"அத்தை, அது வந்து..."

"அது வந்துமில்லை, இது போயுமில்லை. அப்பன் இங்க கிடக்கான், அவன் வீட்டுலேர்ந்து சோப்பு விளம்பரம் போகுமா? ஊர் காறித் துப்பும்."

"சரி அத்தை" என்று போய்விட்டான். புதிய விதி அப்போது என் நினைவில் இல்லை. இருந்திருந்தாலும் அதே உத்தரவைத்தான் போட்டிருப்பேன்.

ஒரு வாரத்துக்குச் சற்று மேலேயே அப்படி இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களில் ஜவுளிக்காரரும் ஒருவர். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்த்தேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நாற்காலி போடச் சொல்லவும் இல்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நின்றுவிட்டு, பின்னாலேயே நடந்து போனார்.

அந்த வாரத்தில் இரண்டு விஷயங்கள் எனக்கு விளங்கவில்லை. மருந்துக்கடைக்குத் தம்பி மனைவியின் தலைவலி மாத்திரைக்காகப் போனேன். மருந்துக்கடைக்காரி அந்த மாத்திரையோடு தொண்டை வலிக்கு ஒரு மாத்திரை அட்டையும் எடுத்து வைத்தாள். "நான் கேக்கலையே" என்றேன். "வச்சுக்குங்க பெரியம்மா, பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும்" என்றாள். நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. இன்னொன்று, கண்ணாடிக் கடைக்காரர். தம்பி இருக்கும்போது, கால் ஒடிந்த தன் மூக்குக்கண்ணாடியை எந்தக் கடையிலோ சரிபார்க்கக் கொடுத்திருந்தான், எந்தக் கடை என்று சொல்லவில்லை. ஒரு நாள் காலை கண்ணாடிக் கடைக்காரர் தானே வந்து, "ஐயாவோடது, ரெடியாயிடுச்சு" என்று கண்ணாடிக் கூட்டைக் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். நல்ல மனிதர்கள், செத்த வீட்டுக்கு அனுசரணையாக இருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அது முடிந்து கொஞ்ச நாளில் துறையிலிருந்து அறிவிப்பு வந்தது. உங்கள் நிலையம் ஒரு வாரத்துக்கு மேல் ஒலிபரப்பவில்லை என்று புகார், அலைவரிசையை ஏன் திரும்பப் பெறக்கூடாது என்று விளக்கம் சொல்ல வாருங்கள் என்று. புகார் கொடுத்தவர் ஜவுளிக்காரர். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நூலகத்து மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஜவுளிக்காரருடைய வக்கீல் முதலில் பேசினார். இனிமையான குரல், ஆனால் எதையும் மூன்று முறை சொல்வார். பாட்டு இல்லை, செய்தி இல்லை, விளம்பரம் இல்லை, ஆகவே ஒலிபரப்பு இல்லை என்றார். துக்கத்தைத் தான் மதிப்பதாகவும், ஆனால் சட்டத்துக்குத் துக்கம் தெரியாது என்றும் சொன்னார்.

தம்பி மனைவி என் காதருகே குனிந்து, "அண்ணி, நம்ம தையல் மெஷின்கூட நடுவுல நடுவுல மூச்சு விடும்" என்றாள். காலைச் செய்தி வாசிப்பவள் இப்போது அவள்தான். புருஷன் போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கை அது. வக்கீலுக்கு அதற்காக நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதிகாரி தம்பி மகனைப் பார்த்தார். "டிரான்ஸ்மிட்டரை நிறுத்தினீங்களா?"

"இல்லை சார். ஒரு நிமிஷம்கூட நிறுத்தலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். அவன் என் பக்கம் பார்க்கவில்லை.

"டிரான்ஸ்மிட்டர் ஓடினா மட்டும் பத்தாது" என்றார் அதிகாரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அதுல ஏதாவது போயிருக்கணும். என்ன போச்சு?"

அதிகாரி இன்னொரு வாய் வெந்நீர் குடித்தார்.

"மைக் மூடியிருந்ததா, திறந்திருந்ததா?"

"திறந்திருந்தது சார்."

"அப்போ ஏதாவது கேட்டிருக்குமே. என்ன கேட்டுது?"

அவன் கையைக் கட்டிக்கொண்டு மேசையைப் பார்த்தபடி நின்றான். சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டு அவன் அப்படித்தான் நிற்பான். பேசித் தொலையேன்டா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவன் அப்பாவின் வாழ்நாள் உழைப்பு அந்த மேசைமேல் கிடக்கிறது, இவன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்றார் அதிகாரி. எழுத்தர் பெண்ணின் விரல்கள் விசைகளுக்கு மேலே காத்திருந்தன.

"எழுதாதீங்க" என்றார் ஜவுளிக்காரர்.

அவருடைய வக்கீல் அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். அவர் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். "ஐயா, புகார்ல நான் கையெழுத்துப் போட்டேன். படிச்சுட்டுத்தான் போட்டேன். பாட்டு இல்லை, நியூஸ் இல்லைன்னு இருந்தது. அது நிஜம். ஆனா ஒண்ணுமே இல்லைன்னு இப்ப எழுதப் போறீங்களே, அது நிஜமில்லை. நான் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"கடிகாரம். ஃபேன். தூரத்துல யாரோ அழுதாங்க. அடுப்படியில பாத்திரம். சாவு வீட்டுல என்னென்ன கேக்குமோ அது."

"ஒரு வாரமும் அதையா கேட்டீங்க?"

"முதல் நாள் பழக்கத்துல வச்சேன். எதிராளி என்ன போடறான்னு பார்க்கிறது என் வழக்கம். அப்புறம் நிறுத்த முடியலை. என் கடையில ஆளுங்க எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. துணி வாங்க வந்தவங்க மெதுவா பேசினாங்க. கடைசியில வெக்கமாப் போயி, என் ரேடியோவை நானே சத்தம் குறைச்சுப் போடச் சொன்னேன்."

வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒலிபரப்பு என்றால் என்ன என்பதற்கு அதில் ஓர் இலக்கணம் இருந்தது. பேச்சு, செய்தி, இசை, இவற்றில் ஒன்றாவது கேட்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். "கடிகாரச் சத்தம் இதுல எதுவும் இல்லையே" என்றார். உண்மையிலேயே வருத்தமாகச் சொன்னார். "பேச்சு ஏதாவது உண்டா?"

ஜவுளிக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "யாரோ வந்து உக்காருவாங்க, மத்தியான நேரத்துல. நாற்காலி கிரீச்சுனு சத்தம் வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உறவினர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் மத்தியான நேரத்தில், தினமும், நான் அந்த அறைக்குப் போய், மற்ற நேரத்தில் திறந்தே கிடக்கும் கதவைச் சாத்திக்கொள்வேன். தம்பியின் நாற்காலியில் உட்காருவேன். கம்பளி ஒட்டிய அறை, ஊசி விழுந்தால் வெளியே கேட்காது. கைப்பிடியில் துண்டு தொங்கவில்லை. யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அவனோடு பேசினேன். வீட்டு மனிதர்கள், உறவினர்கள் யார் முன்னாலும் கண் கலங்காதவள் நான். அந்த அறையில் மட்டும்தான் அழுதேன். அதை மூன்று ஊர் கேட்டிருக்கிறது.

மருந்துக்கடையின் தொண்டை மாத்திரையும் மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து என் கண்முன் வந்து நின்றன. 

"ஏன்டா?" என்றேன் தம்பி மகனிடம்.

"நீங்க பாட்டு போகக்கூடாது, பேச்சு போகக்கூடாதுன்னீங்க. மைக்கை மூடுன்னு சொல்லலை" என்றான். பிறகு குரல் இறங்கியது. "அப்பா நடத்தினதை என் கையால நிறுத்த முடியலை அத்தை. சும்மா கடிகாரச் சத்தமாவது போகட்டும்னு மைக்கைத் திறந்து வச்சேன். துண்டைப் போட்டா நீங்க பார்த்துடுவீங்கன்னு போடலை. நீங்க உள்ள போவீங்கன்னு நினைக்கலை."

"அப்புறம் தெரிஞ்சுதில்ல?"

"ரெண்டாம் நாள் பால்காரர் சொன்னார். வந்து மூடியிருக்கலாம். மூடினா நீங்க அந்த ரூமுக்கே போக மாட்டீங்க. வேற எங்கேயும் நீங்க அழலை அத்தை."

தம்பி மனைவி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஊரில் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

அதிகாரி மெல்ல இருமினார். "அம்மா, அங்கே பேசினது நீங்களா? பேசியிருந்தா என்ன பேசினீங்கன்னு பதிவுக்காகச் சொல்லணும். கட்டாயம் இல்லை. சொல்லலைன்னா, இப்ப இருக்கறதை வச்சு நான் முடிவெடுக்கணும்."

"வேண்டாம் அத்தை" என்றான் தம்பி மகன். "போனாப் போகட்டும். ரேடியோதானே."

ரேடியோதானே என்று அவன் சொன்னான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகூட டிரான்ஸ்மிட்டரைப் பற்றியே பேசுகிறவன். என் மானத்துக்காகத் தன் அப்பாவின் உழைப்பையே கைகழுவத் தயாராக நின்றான். எதிர்வரிசையில் இருந்தவரோ, வாயைத் திறந்து இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்களுக்கு நன்மை, ஆனால் எனக்கு அவமானம் என்று தெரிந்து, அந்த வார்த்தையை மட்டும் விழுங்கிக்கொண்டு நின்றார். இத்தனை பேர் எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கும்போது நான் உட்கார்ந்திருப்பது எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை. எழுந்தேன்.

"பேசினது நான்தான். எழுதிக்குங்க" என்றேன்.

எழுத்தர் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு முன்னாடி நீ எப்படிப் போகலாம்னு கேட்டேன். வரிசைன்னு ஒண்ணு இல்லையான்னு கேட்டேன். நீ பேசினா ஊரே கேக்குது, நான் பேசினா நீகூடக் காது கொடுக்க மாட்டே, இப்பவாவது கேளுன்னு சொன்னேன். மூக்குக்கண்ணாடியை நீ எந்தக் கடையில கொடுத்தேன்னு கேட்டேன். அவன் பொண்டாட்டி சாப்பிடாம சாப்பிட்டேன்னு பொய் சொல்றா, அவளை என்ன பண்றதுன்னு கேட்டேன்."

தம்பி மனைவி குனிந்துகொண்டாள்.

"அப்புறம் இவரைத் திட்டினேன்" என்று ஜவுளிக்காரரைக் கை காட்டினேன்.

"என்னன்னு?" என்றார் அதிகாரி. கேட்டிருக்க வேண்டியதில்லை. ஜலதோஷத்தையும் மீறி அவருக்கு ஆவல்.

"துணி கிழிக்கிறவன் வந்து கேட்டுல நின்னான், உள்ள கூப்பிட எனக்கு மனசு வரலை. துணி அளக்கிற கோலால ஊரையே அளக்கப் பார்க்கிறான், உன் இடத்தையும் அளந்துட்டுப் போகத்தான் வந்திருப்பான். அப்படிச் சொன்னேன்."

 பலகையில் எழுதியிருந்தபடி யாரும் சத்தம் போடவில்லை.

"அம்மா இன்னும் ரெண்டு வார்த்தை கூடச் சொன்னாங்க" என்றார் ஜவுளிக்காரர். "அதை எழுத வேண்டாம். எனக்கு ஞாபகம் இருந்தாப் போதும்."

இந்த முறை சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பதில்லை என்ற கொள்கை அந்த இடத்தில்தான் தளர்ந்தது.

வக்கீல் தன் கடமையைச் செய்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். "தனக்குத் தானே புலம்பறது பேச்சாகுமா ஐயா? யாருக்காகப் பேசினாங்க? இறந்தவரைக் கேட்பவர்னு எடுத்துக்க முடியுமா? முடியாது, முடியவே முடியாது" என்றார்.

அதிகாரி விதிப் புத்தகத்தை மறுபடி திறந்தார். நான் கருவூலத்தில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். தேவையான வரி வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவது பலருடைய வழக்கம். இவர் அந்தப் பக்கத்தை அடிவரை படித்தார், அடுத்த பக்கத்தையும் படித்தார், ஒரு விரலை அடையாளமாக வைத்துக்கொண்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினார். அந்தக் கொள்கை எதற்காக வந்தது என்று முகப்பில் எழுதியிருந்ததை வாய்விட்டு வாசித்தார். உபயோகமின்றிப் பூட்டி வைக்கப்படும் அலைவரிசைகளை மக்களுக்கு மீட்டுக் கொடுப்பதற்காக என்று இருந்தது.

பிறகு ஜவுளிக்காரரைக் கேட்டார். "அந்தப் பேச்சை நீங்க கேட்டீங்களா?"

வக்கீல் அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் 'இல்லை' என்றால் எங்கள் அலைவரிசை அவருடையது. மழையில் கரகரக்காது, பாலத்தைத் தாண்டியும் கேட்கும். 'யாரோ உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான் தெரியும்' என்று ஏற்கனவே சொல்லியும் ஆயிற்று. அதிலேயே நின்றால் ஒருவரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

"கேட்டேன்" என்றார். "தெரியாதுன்னு முன்ன சொன்னது அம்மாவுக்காக. இப்ப அவங்களே சொல்லிட்டாங்க. ஒரு வார்த்தை விடாம கேட்டேன். என் கடையில இருந்தவங்க எல்லாரும் கேட்டாங்க. நான் சாட்சி."

"உங்க விண்ணப்பம்?"

"அது இருக்கட்டும். அடுத்த அலைவரிசை எப்ப வருதோ அப்ப பார்த்துக்கலாம். வாங்கினா நேர் வாசல் வழியா வாங்கணும் ஐயா. நாளைக்கு அந்த மைக்குல என் கடை விளம்பரம் போகும்போது, நடுவுல இந்த அம்மா குரல் கேட்டா நான் என்ன பண்றது?"

அதிகாரி எழுத்தர் பெண்ணுக்கு முடிவைச் சொல்லத் தொடங்கினார். நிலையம் துக்கத்தில் இருந்த நாட்களிலும் பேச்சு ஒலிபரப்பாகியுள்ளது, அது கேட்பவர்களைச் சென்று அடைந்துள்ளது, புகார் தள்ளுபடி, உரிமம் இறந்தவரின் மனைவி பெயருக்கு மாற்றப்படலாம் என்று. அதோடு, நிலையம் உடனடியாகச் சிவப்பு விளக்கைப் பொருத்த வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லும்போது தம்பி மகனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். மறுநாளே பொருத்திவிட்டோம். துண்டும் அங்கேயே தொங்குகிறது.

படியிறங்கும்போது ஜவுளிக்காரர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வக்கீல் அவரிடம் ஏதோ மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க."

நின்றார்.

நன்றி சொல்லும் பழக்கம் எனக்கு அதிகம் கிடையாது. யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ளாமல் வாழ்ந்தால் அந்த வார்த்தைக்கு வேலை வராது. அன்று வேலை வந்தது. "ரொம்ப நன்றி" என்றேன். "நீங்க சொன்னதுக்கு மட்டும் இல்லை. முதல்ல சொல்லாம விட்டீங்களே, அதுக்கு."

"நான் ஒண்ணும் பெரிசா பண்ணலைம்மா. கேட்டதைக் கேக்கலைன்னு சொல்ல வாய் வரலை."

"வீட்டுக்கு வாங்க. உள்ள வந்து உக்காருங்க."

"துணி கிழிக்கிறவனுக்கு நாற்காலி உண்டா?"

"உண்டு" என்றேன். "இன்னும் ரெண்டு வார்த்தை கூட வாங்கினவருக்கும் உண்டு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். தம்பி படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தம்பி மகன் டிரான்ஸ்மிட்டரைக் காட்டினான். இரண்டு பேரும் பேசிய பேச்சில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அவன் அப்பா போன பிறகு அவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

விசாரணை முடிந்த அன்று நூலகத்திலிருந்து வீட்டுக்குக் கடைத்தெரு வழியாகத்தான் நடந்து வந்தோம். மருந்துக்கடைக்காரி என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு எத்தனை முறை அவள் கடைக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பார்வையாலோ சொல்லாலோ காட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் அப்படித்தான். பால்காரர் அப்படித்தான். வாய் ஓயாத ஊர் இது, ஒரு வீட்டில் கொட்டாவி விட்டால் பக்கத்துத் தெருவில் காரணம் சொல்வார்கள். அந்த ஊர் முழுக்க என் அழுகையைக் கேட்டுவிட்டு, என் முகத்துக்கு நேரே ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டு மானத்தை நான் ஒருத்திதான் தூக்கிச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஊரே ஆளுக்கு ஒரு கை கொடுத்திருக்கிறது. மருந்துக்கடை வாசலில் நின்று, "தொண்டை சரியாயிடுச்சு" என்று அவளிடம் சொன்னேன். "தெரியும் பெரியம்மா" என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

இப்போது தம்பி மனைவி காலைச் செய்தி வாசிக்கிறாள். பேருந்து நேரம், ரத்தம் தேவைப்படுவோர், மழை வருமா வராதா, எல்லாம் போகிறது. மத்தியானத்தில் நான் அந்த அறைக்குப் போவதுண்டு. போவதற்கு முன் விளக்கைப் பார்க்கிறேன், துண்டையும் பார்க்கிறேன், பிறகு தம்பி மகனையும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

ஜவுளிக்காரருக்கு மறு வருடம் வேறொரு அலைவரிசை கிடைத்தது. நல்ல அலைவரிசை. கிடைத்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நாங்களும் உண்டு.

கடைசியாக ஒன்று. அன்று அவர் எங்களுக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னதற்குக் கைமாறாக, அவர் கடை விளம்பரத்தை எங்கள் வானொலியில் இலவசமாகப் போடுகிறோம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. அவர் எங்களிடம் விளம்பரமே கொடுப்பதில்லை. அவருக்குச் சொந்தமாக ஒரு வானொலி இருக்கிறது.